வாசகர் கேள்வி: ஆயர் போட்ட உத்தரவைப் பேராயர் மாற்றுவாரா?

கேள்வி: எங்கள் பங்குத்தந்தையை ஆயர் இடம் மாற்றிவிட்டார். சென்னை–மயிலைப் பேராயருக்கு மனு போட்டால் ரத்தாகுமா? பூண்டியில் இருக்கும் அக்கா, ‘எங்களுக்குப் பேராயர் புதுச்சேரியில்’ என்கிறார். எது சரி?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டுமே சரி. நாகை, வேளாங்கண்ணி எல்லாம் கத்தோலிக்கத் திருச்சபையின் தஞ்சை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி). அது சென்னை–மயிலைப் பேராயரின் மறைமாநிலத்தில் (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த திருச்சபைப் பிரிவில்) வருகிறது. பூண்டி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தாலும் கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோயில், அதற்குப் புதுச்சேரி–கடலூர் பேராயர். திருச்சிக்கோ மதுரை. எல்லாம் பழைய மிஷன் எல்லைகள்தான்: கும்பகோணம் 1899இல் புதுவையிலிருந்தும், தஞ்சை 1952இல் மயிலையிலிருந்தும் பிரிந்தவை. (சி.எஸ்.ஐ. திருச்சி–தஞ்சைப் பேராயர் வேறு சபை. இந்தக் கணக்கில் வரமாட்டார்.)

மனு விஷயம்: ரத்தாகாது. தாசில்தாருக்கு மேல் கலெக்டர் என்பதுபோல ஆயருக்கு மேல் பேராயர் என்று பலரும் நினைக்கிறார்கள். திருச்சபைச் சட்டம் 436இன்படி, விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா என்று கவனித்து, தவறு கண்டால் திருத்தந்தைக்குத் தெரிவிப்பதே பேராயர் வேலை. ஆயர் பங்குகளைச் சந்திக்காமல் விட்டால் பேராயர் போய்ச் சந்திக்கலாம், அதற்கும் ரோமையின் ஒப்புதல் வேண்டும். ஆயர் பதவி காலியாகி, ஆலோசகர் குழு 8 நாளில் தற்காலிக நிர்வாகியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பேராயர் நியமிப்பார். தஞ்சைத் திரு இருதயப் பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றக்கூட ஆயருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும்!

முறையீட்டுக்கு வழி வேறு. உத்தரவால் பாதிக்கப்பட்டவர், அதாவது பெரும்பாலும் குருவானவரே, அது கைக்கு வந்த 10 நாளுக்குள் அதை மாற்றும்படி ஆயரிடமே எழுத்தில் கேட்கவேண்டும். ஆயர் மறுத்தால், அல்லது 30 நாள் பதிலே வராவிட்டால், அடுத்த 15 நாளுக்குள் ரோமைக்கு. சென்னைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும். வழக்கமாகக் கோட்டைவிடுவது இங்கேதான். பங்கு மக்கள் கையெழுத்திட்டு ஆயரிடம் கருத்துச் சொல்லத் தடையில்லை, ஆனால் அது முறையீடு ஆகாது.

பேராயர் பக்கம் உண்மையிலேயே போகிற விஷயம் திருமண வழக்கு. தஞ்சை மறைமாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு ஏற்புடையதாக இல்லையென்றால் மேல்முறையீடு சென்னை–மயிலை நீதிமன்றத்துக்கு. ஆனால் விண்ணப்பத்தைத் தீர்ப்பு தெரிந்த 15 நாளுக்குள் தஞ்சையிலேயே கொடுக்கவேண்டும்.