28,000 ரூபாய்க்கு ஒரு சீரியல் புத்தகம்: வாங்கலாமா?

கேள்வி: 'ஃபிளாஷ் கார்டன்', 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வல்', 'பேட்மேன்', 'த ஃபேன்டம்' ஆகிய பழைய அமெரிக்க சீரியல் படங்களை (வாரம் ஓர் அத்தியாயமாகத் திரையரங்குகளில் ஓடிய தொடர்படங்கள்) ஒரு அத்தியாயம் விடாமல் பார்த்துவிட்டேன். இவற்றைப் பற்றி நம்பிப் புரட்ட ஒரு புத்தகம் வேண்டும். பழைய புத்தகங்களை வரவழைத்து விற்கும் ஒருவர், 'வேலி ஆஃப் த கிளிஃப்ஹேங்கர்ஸ்' என்ற புத்தகத்துக்கு 28,000 ரூபாய் சொல்கிறார். இதை விட்டால் வேறு புத்தகமே கிடையாதாம். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முன்பணம் எப்போதுமே வேண்டாம்.

புத்தகத்தில் குறை ஒன்றும் இல்லை. ஜாக் மாதிஸ் 1975-இல் தானே அச்சிட்டு வெளியிட்ட பெரிய புத்தகம் அது. ஸ்டூடியோவின் பழைய கோப்புகளைத் துருவி, எந்தப் படம் எந்த நாட்களில் எடுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அந்த உழைப்பின் முன் நான் இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் அது ரிபப்ளிக் என்ற ஒரே ஸ்டூடியோவின் 66 சீரியல்களுக்கான புத்தகம். உங்கள் பட்டியலை ஒருமுறை பாருங்கள். 1936-இல் வந்த 'ஃபிளாஷ் கார்டன்' யூனிவர்சல் தயாரிப்பு. 1943-இல் வந்த 'பேட்மேன்', 'த ஃபேன்டம்' இரண்டும் கொலம்பியா. 1941-இன் 'கேப்டன் மார்வல்' மட்டுமே ரிபப்ளிக். நீங்கள் விரும்பும் நான்கில் மூன்றுக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. விற்பவர் இதைச் சொல்லவில்லை என்றால், அவர் புத்தகத்தைத் திறந்தே பார்த்ததில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார். எதுவானாலும் உங்கள் பணம் அவரிடம் போகக் கூடாது.

நீங்கள் முதலில் தேட வேண்டியது கென் வைஸ், எட் குட்கோல்ட் இருவரும் 1972-இல் கொண்டுவந்த 'டு பி கன்டின்யூட்'. பேசும்படக் காலத்தில், 1956 வரை வந்த 231 அமெரிக்க சீரியல்களும் அதில் உண்டு. ஸ்டூடியோ எதுவென்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம், நடிகர்கள், புகைப்படங்கள் கிடைக்கும். மொழிநடை எளிமையானது. அடுத்தது வில்லியம் கிளைன் 1984-இல் எழுதிய 'இன் த நிக் ஆஃப் டைம்'. நாயகர்கள், வில்லன்கள், சண்டைக் கலைஞர்கள், இயக்குநர்கள் என்று பிரித்து எழுதியிருக்கிறார். கடைசியில் படப்பட்டியல் இருக்கிறது. இந்த இரண்டும் கையில் இருந்தால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். 'கேப்டன் மார்வல்' எப்படி எடுக்கப்பட்டது என்று ஆசை வந்தால், அதை ஜான் இங்கிலீஷுடன் சேர்ந்து இயக்கிய வில்லியம் விட்னியின் நினைவுக் குறிப்புகள் 1996-இல் புத்தகமாக வந்திருக்கின்றன. அதை வாங்குங்கள்.

இப்போது ஏமாற்று வேலைகளுக்கு வருகிறேன். 'கலைக்களஞ்சியம்' என்று அட்டையில் போட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கட்டுரைகளை அள்ளி, கேட்டால் ஒவ்வொரு பிரதியாக அச்சடித்துத் தரும் புத்தகங்கள் பெருகிவிட்டன. ஆசிரியர் பெயர் இருக்காது, பின்னால் பெயர் அட்டவணையும் இருக்காது. நல்ல கலைக்களஞ்சியம் இல்லாமல் இல்லை: ஜெஃப் மேயர் எழுதி 2017-இல் வந்தது சரியான புத்தகம். ஆனால் பெயரின் ஒற்றுமையை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். இன்னொரு கூட்டம், பழைய புத்தகத்தை நகலெடுத்துச் சுருள்கம்பி போட்டு 'அரிய பதிப்பு' என்று விற்கிறது. எழுபதுகளின் புத்தகங்களுக்குப் பாதி உயிர் புகைப்படங்களில்தான் இருக்கிறது. நகலில் அவை கரும்புள்ளிகளாகத்தான் வரும். என்னிடமும் இப்படி ஒன்று வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டியதால் அப்படியே வைத்திருக்கிறேன்.

புத்தகம் வாங்கிய பிறகு பலரும் தடுக்கி விழுவது தலைப்பில். 'லாஸ்ட் பிளானட் ஏர்மென்' என்ற படத்தைப் பார்த்துவிட்டு அட்டவணையில் தேடினால் கிடைக்காது, புத்தகம் தவறு என்று கோபம் வரும். அது 1949-இன் 'கிங் ஆஃப் த ராக்கெட் மென்' சீரியலை வெட்டி ஒட்டி 1951-இல் முழுநீளப் படமாக விட்டது. 'சேட்டன்ஸ் சேட்டலைட்ஸ்' என்பது 1952-இன் 'ஸாம்பீஸ் ஆஃப் த ஸ்ட்ராட்டோஸ்பியர்'. பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் புகழ்பெற்ற லெனர்ட் நிமோய் அதில் சின்ன வேடத்தில் வருவதால், 'நிமோயின் தொலைந்த படம்' என்று அதற்கு விலை ஏற்றுபவர்களும் உண்டு. 1966-இல் ரிபப்ளிக்கின் 26 சீரியல்களை நூறு நிமிடத்துக்குச் சுருக்கித் தொலைக்காட்சிக்கு விற்றபோதும் புதுப் பெயர்களே வைத்தார்கள்: 'த கிரிம்சன் கோஸ்ட்' என்பது 'சைக்ளோட்ரோட் எக்ஸ்' ஆனது, 'ரேடார் மென் ஃப்ரம் த மூன்' என்பது 'ரெட்டிக் த மூன் மெனஸ்' ஆனது. சுருக்காமல் திரும்ப வெளியிட்டபோதும் பெயர் மாறியிருக்கிறது. உங்கள் 'கேப்டன் மார்வல்' 1953-இல் 'ரிட்டர்ன் ஆஃப் கேப்டன் மார்வல்' என்று மறுபடி திரைக்கு வந்தது. அது இரண்டாம் பாகம் அல்ல, அதே பன்னிரண்டு அத்தியாயங்கள்தான். இரண்டாம் பாகத்தின் வட்டு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். முதலில் மூலத் தலைப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு அட்டவணையைத் திறங்கள்.

நூலகத்தில் பார்த்துவிட்டு வாங்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் நூலகத் துறையில் 'சீரியல்ஸ்' என்றால் பருவ இதழ்கள். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இந்தச் சொல்லைச் சொன்னதும் என்னை இதழ்கள் பகுதிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து திரும்ப முகப்புக்கு அனுப்பினார்கள். கிளைனின் புத்தகம் அந்தக் கட்டடத்திலேயே இருந்தது, நாடகம் என்ற தலைப்பின் கீழ். வாங்கி வைத்த புத்தகத்தைத் தேடுபவர் கண்ணில் படாமல் அடுக்குவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். கணினியில் தேடும்போது 'மோஷன் பிக்சர் சீரியல்ஸ்' என்று மூன்று சொற்களையும் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதற்கும் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரால் தேடுங்கள். பழைய அமெரிக்கத் திரைத்தொழில் இதழ்களை 'மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி' ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. சீரியல்கள் வெளியான காலத்து விளம்பரங்களையும் விமர்சனங்களையும் அங்கேயே பார்க்கலாம்.

என்றாவது ரிபப்ளிக் படங்களில் ஆழமாக இறங்கினால் மாதிஸை வாங்குங்கள். அப்போது விற்பவரிடம் மூன்று புகைப்படங்கள் கேளுங்கள்: பதிப்புப் பக்கம், தைத்த முதுகு, நடுவில் ஏதாவது ஒரு படப்பக்கம். 1995-இல் தனியாக வந்த துணைப் புத்தகமும் விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். புத்தகம் கைக்கு வந்தபின் பணம்.