பழைய தங்கமீன் தொட்டியைக் கடல்நீருக்கு மாற்றலாமா?

கேள்வி: தெரிந்தவரிடம் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். அதில் பல வருடம் தங்கமீன் வளர்த்திருக்கிறார். நான் அதைக் கடல்நீர்த் தொட்டியாக்கி முதலில் கிளவுன் மீன், அப்புறம் பவளம் வைக்க நினைக்கிறேன். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதுமா?

பதில்: சோப்பு வேண்டவே வேண்டாம். எவ்வளவு அலசினாலும் மூலை முடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும்.

கழுவ உட்காரும் முன் விற்றவருக்கு ஒரு போன் போடுங்கள். மீனுக்கு நோய் வந்தபோது என்ன மருந்து ஊற்றினார் என்று கேளுங்கள். அழுக்கைவிட எனக்கு இதுதான் கவலை. நன்னீர்க் கிருமிகள் பலவும் கடலுப்பைத் தாங்காது. காப்பர் சல்பேட் கலந்த மருந்து அப்படியில்லை. சுண்ணாம்புக் கறையிலும் சரளைக்கல்லிலும், ஓரளவு சிலிக்கான் ஒட்டிலும் காப்பர் படிந்திருந்து பிறகு மெல்ல நீரில் இறங்கும். மீனுக்கு மருந்தாகக் கொடுப்பதே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில்தான். பவளமும் இறாலும் அதைவிடக் குறைவான அளவிலேயே செத்துப்போகும். சிலிக்கான் நீலமாக இருந்தால் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ சாயம்.

காப்பர் ஊற்றியது உறுதி என்றால் அந்தத் தொட்டியில் மீன் மட்டும் வளருங்கள், பவள ஆசையை வேறு தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தெரியவில்லை என்றால் கழுவி முடித்தபின் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டு, காப்பர் டெஸ்ட் கிட்டில் பாருங்கள்.

சரி, கழுவும் வேலை. பழைய கல், ஸ்பாஞ்ச், மரக்கட்டை எல்லாவற்றையும் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். நீர்மட்டம் நின்ற இடத்தில் வெள்ளைக்கோடு இருக்கும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால் இளகிவிடும். மிச்சத்தை பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். மூலைகளில் மட்டும் பிளேடு வேண்டாம், சிலிக்கான் கிழிந்தால் தொட்டியே போச்சு. அங்கே பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் கல் உப்பு போதும்.

வினிகரை முழுக்க அலசியபின், வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் வைக்கலாம். வினிகரும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆகவே இடையில் அலசுவதில் சோம்பல் கூடாது. பிறகு பலமுறை அலசி, வாடை துளியும் இல்லாத வரை வெயிலில் காயவிடுங்கள்.

காய்ந்து கிடந்த தொட்டி கசியக்கூடும். அடியில் தெர்மகோல் ஷீட் விரித்து, வெறும் தண்ணீர் நிரப்பி, மூலைகளுக்குக் கீழே பேப்பர் போட்டு இரண்டு நாள் பாருங்கள். கசியவில்லை என்றால் அதே தண்ணீரை ஒரு வாரம் வரை விட்டு காப்பர் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். மூடியில் இரும்பு ஸ்க்ரூ, கிளிப் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துத் தொட்டிக்குள் சொட்டும்.

நிரப்புவதற்கு ஆர்.ஓ. தண்ணீரும் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பும்தான். சமையல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் போதாது. மீன்கழிவின் நச்சை முறிக்கும் பாக்டீரியா பழைய ஃபில்டரில் இருக்கும் என்று நம்பி உடனே மீன் விடாதீர்கள். அந்த நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.