மல்லி, அந்துப்பூச்சி, அப்புறம் அந்தப் பாம்பு: கேள்வி பதில்

தோட்டத்துப் பூ, பூச்சி பற்றிக் கேளுங்கள். உர அளவு எனக்கு வராது, அதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, என் மல்லிக்குப் பகலில் வாசமே இல்லை, சாயங்காலம்தான் மணக்கிறது. செடியில் குறையா?

ப: குறையெல்லாம் இல்லை. அது மணப்பது நமக்காக இல்லை, அந்துப்பூச்சிக்காக. இருட்டில் நிறம் எடுபடாது, அதனால்தான் ராத்திரிப் பூக்களில் பலவும் வெள்ளையாக, வாசத்தை நம்பியே பூக்கின்றன. நிலசம்பங்கி இருந்தால் அந்தி மங்கும் நேரத்தில் டார்ச் அடிக்காமல் பத்து நிமிஷம் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். பருந்து அந்துப்பூச்சி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டிப் பூக்குழாயின் அடிவரை விட்டுக் குடித்துவிட்டு, நாம் சுதாரிப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போயிருக்கும். முதல் தடவை நான் அதைக் குட்டிப் பறவை என்றே நினைத்தேன்.

கே: ரோஜா இலை ஓரமெல்லாம் வட்ட வட்டமாகக் கத்தரித்த மாதிரி இருக்கிறது. என்ன மருந்து?

ப: ஒன்றும் வேண்டாம். இலைவெட்டித் தேனீயின் வேலை. தின்பதற்கு இல்லை, துண்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு போய் ஏதாவது பொந்துக்குள் முட்டைக்கு அறை கட்டும். செடி தாங்கிக்கொள்ளும்.

கே: பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

ப: எந்தச் செடி, எந்தப் பூச்சி? மல்லி மொட்டுப்புழு என்றால் துளைபட்ட மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலாகவே இருந்தாலும் தேனீ அடங்கிய பிறகு, பூவில் படாமல்தான்.

கே: மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வருமாமே?

ப: பூ வாசத்துக்குப் பாம்பு வராது. நாக்கை நீட்டி நீட்டி அது மோப்பம் பிடிப்பது எலியையும் தவளையையும்தான். மனோரஞ்சிதத்தின் பழ வாசத்துக்கு வருவது வண்டு.

கே: வாசத்துக்குப் பூச்சி, பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு. அப்போ பெரியவர்கள் சொன்னது சரிதானே?

ப: மடக்கிவிட்டீர்கள், சரி. ஆனால் அந்தக் கணக்கில் முதல் குற்றவாளி விடியவிடிய எரியும் உங்கள் வாசல் விளக்கு. அதன் அடியில் எத்தனை தவளை என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். மனோரஞ்சிதம் புதராகப் படரும், அடியில் சருகு சேர்ந்தால் எலி தங்கும், அவ்வளவுதான். சருகை வாருங்கள், பூவை விட்டுவிடுங்கள்.

கே: அப்போ தாழம்பூ?

ப: மேலே மனோரஞ்சிதத்துக்குச் சொன்னதேதான்.

கே: பவழமல்லிக்கும் வருமா?

ப: பாம்புக் கடையைச் சாத்தியாகிவிட்டது.

கே: பார்த்துப் பார்த்து அடுக்குப் பூவாகவே வைத்தேன், தேனீ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ப: அடுக்காக இருப்பதுதான் காரணம். அந்த இதழ்களில் பலவும் மகரந்தத்தாளாக இருந்திருக்க வேண்டியவை. வந்தால் அதற்கு என்ன கிடைக்கும்? ஒற்றைப் பூ ரகம் வையுங்கள். துளசிக் கதிரைக் கிள்ளாமல் விடுங்கள், மொய்க்கும்.

கே: எல்லாப் பூச்சிக்கும் சேர்த்து ஒரே மருந்து?

ப: இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

கே: கட்டைவிரல் தண்டியில் கறுப்பு வண்டு ஒன்று, ஹெலிகாப்டர் மாதிரி முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. கொட்டுமா?

ப: தச்சுத் தேனீ. அப்படி மிரட்டுவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்தால் கொட்டும். பிடிக்காதீர்கள்.