ட்யூமர் மார்க்கர் (கேன்சர் இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய பொருள்) ரிப்போர்ட்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, எனக்கு 32 வயசு. ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல சிஏ 125 எடுத்தாங்க, 58னு வந்திருக்கு, 35க்குள்ள இருக்கணுமாம். கர்ப்பப்பை கேன்சரா? தூக்கமே வரல.

பதில்: பயப்படாதம்மா. சிஏ 125 கர்ப்பப்பைக்கு இல்ல, முக்கியமா சினைப்பைக்கு பாக்குறது, அதுவும் கேன்சருக்கு மட்டும் ஏறாது. பீரியட்ஸ் நேரத்துல ரத்தம் குடுத்தாலே ஏறும், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளியில வளர்றது), ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர்ற கேன்சர் இல்லாத கட்டி), கர்ப்பம், ஈரல் சுருக்கம் எல்லாத்துலயும் ஏறும், வயித்துல டிபி இருந்தா நூத்துக்கணக்குல போகும், அத கேன்சர்னு நெனச்சு ஆபரேஷன் வரைக்கும் போன கேஸெல்லாம் உண்டு. 58ங்குற ஒரு நம்பர வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரத்தம் குடுத்தப்ப பீரியட்ஸா, வலி அதிகமா இருக்குமான்னு குறிச்சுக்கிட்டு லேடி டாக்டர்கிட்ட போ, ஸ்கேன் பாத்துட்டு தேவைன்னா திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கு இதையும் சேத்து விக்கிற பேக்கேஜ்காரங்கள எனக்கு சுத்தமா பிடிக்கல.

கேள்வி: அப்பாவுக்கு பெருங்குடல் கேன்சர் ஆபரேஷன் ஆச்சு. முன்னாடி சிஇஏ (பெருங்குடல் கேன்சருக்கு பாக்குற ரத்த டெஸ்ட்) 24, அப்புறம் 3.1, இப்ப வேற லேப்ல 4.4. திரும்ப வந்துருச்சா மேடம்?

பதில்: 24ல இருந்து 3க்கு இறங்குனது நல்ல சேதி. லேப் மாறுனா மிஷினும் டெஸ்ட் கிட்டும் மாறும், அதனால 3.1யும் 4.4யும் பக்கத்துல வச்சு பாக்கவே கூடாது. அப்பா பீடி சிகரெட் பிடிப்பாரா? பிடிக்கிறவங்களுக்கு 5 வரைக்கும் சாதாரணம்தான். ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு பழைய லேப்லயே திரும்ப எடுங்க, அங்கயும் ஏறிக்கிட்டே போச்சுன்னா சிடி எடுப்பாங்க.

கேள்வி: மாமனார் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு வருஷமா டுடாஸ்டரைடு சாப்பிடுறாரு. பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கு பாக்குற ரத்த டெஸ்ட்) 2.6. நார்மல்தானே?

பதில்: இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. அந்த மாத்திரை ஆறு மாசத்துக்கு மேல போட்டா பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாயிடும், அப்போ 2.6ங்குறது 5.2 மாதிரி. ரிப்போர்ட் 4க்கு கீழன்னு நார்மல் மாதிரி கருப்புலதான் அடிக்கும், அதுக்கு மாத்திரை விஷயம் தெரியாதே. யூராலஜி டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க. முடி கொட்டுதுன்னு ஃபினாஸ்டரைடு போடுற தம்பிங்களுக்கும் இதே கதைதான்.

கேள்வி: சிஏ 19-9 நார்மல்னா கணையத்துல கேன்சர் இல்லன்னு உறுதியா?

பதில்: இல்ல. லூயிஸ்னு ஒரு ரத்த வகை இருக்கு, அது நெகட்டிவா இருக்கறவங்க, 100ல 5லருந்து 10 பேர், அவங்க உடம்பு இத தயாரிக்கிறதே இல்லன்னு சொல்லலாம், அதனால கேன்சர் இருந்தாலும் நார்மல்னு வரலாம். பித்தக்குழாய்ல கல் அடைச்சு காமாலை வந்தா கேன்சரே இல்லாம எகிறும், அடைப்ப எடுத்தா இறங்கிடும்.

கேள்வி: வெறும் வயித்துல போகணுமா?

பதில்: வேண்டாம். முடிக்கு நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை போட்டா மட்டும் லேப்ல சொல்லிடுங்க, சில மிஷின்ல ரிசல்ட்ட மாத்திக் காட்டிடும்.