பௌர்ணமி இரவில் டாரட் சீட்டு: மனத்துயர் ஆறுமா?

கேள்வி: என் தாயார் காலமாகிச் சில மாதங்களாகியும் துக்கம் ஆறவில்லை. ஓசூரில் பணிபுரியும் மகள், பௌர்ணமி இரவில் டாரட் எனும் படச்சீட்டுகளில் குறி பார்த்தால் மனம் லேசாகும் என்று ஒரு சீட்டுக்கட்டு வாங்கித் தந்திருக்கிறாள். நம்பிச் செய்யலாமா?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம் சகோதரி, குறி கேட்பதாக மட்டும் எண்ண வேண்டாம். 78 சீட்டுகள் கொண்ட டாரட், 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகவே தோன்றியது. அதைக் கொண்டு எதிர்காலம் பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. நிலவொளி துயரைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை. எனினும், மாதந்தோறும் தவறாமல் வரும் நாள் என்பதால், அழுவதற்கும் நினைப்பதற்கும் ஒரு பொழுதை ஒதுக்கிக்கொள்ளப் பௌர்ணமி உதவும்.

18ஆம் சீட்டு ‘நிலவு’. பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வெளிவந்த சீட்டுக்கட்டில், கொடுக்குகளுடைய நீருயிர் ஒன்று குளத்திலிருந்து கரையேற முயல, நாயும் ஓநாயும் நிலவை அண்ணாந்து பார்த்து நிற்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்தபடி, அம்மாவிடம் சொல்லாமல் விட்டது எது என்று உங்களையே கேட்டு, மனத்தில் எழுவதை ஒரு நோட்டில் எழுதுங்கள். 13ஆம் சீட்டான ‘மரணம்’ வந்தால் அபசகுனமென்று அஞ்சாதீர்கள். பரிகாரம் என்று பணம் கேட்பவர்களை அண்டவே விடாதீர்கள்.

உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், சீட்டை நம்பிக் காத்திராமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மகளுடன் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசலாம்.