ஆறு ஏர்பேக் கட்டாயமாக்குறதா, பின்சீட்டுல பெல்ட் போட வைக்கிறதா, எது முதல்ல?

என்ன கேட்டா பெல்ட்தான் முதல்ல. ஏர்பேக் பெல்ட்டுக்கு துணைதான், பெல்ட் போடாதவன் அது விரியறப்ப அதுமேலயே போய் மோதுவான். பின்சீட்டுக்கும் சட்டம் ஏற்கனவே இருக்கு, 2019 திருத்தத்துல அபராதம் 1000 ரூபா, ஆனா பள்ளிகொண்டா டோல்கேட்ல நின்னு பாருங்க, பின்னாடி யார் போட்டிருக்காங்க? எங்க சித்தி கார்ல பக்கிள் சீட் கவருக்கு அடியில பொதைஞ்சு கெடந்துச்சு, நான்தான் கவர கிழிச்சு வெளிய எடுத்தேன். கொழந்தைய மடியில வெச்சுக்கறது இன்னும் மோசம்ங்க, 50 கிலோமீட்டர் வேகத்துல மோதினா எந்தக் கையாலயும் புடிக்க முடியாது. அதனால பெல்ட் போடலேன்னா கத்துற அலாரம் எல்லா கார்லயும் பின்சீட்டுக்கும் இருக்கணும், அந்த அலாரத்த ஏமாத்த பக்கிள்ல சொருகுற கிளிப்ப விக்கிற கடைக்கு அபராதம் போடணும், சைல்டு சீட்டுக்கு வரிய கொறைக்கணும். ஏர்பேக் எண்ணிக்கை அப்புறம் வரட்டும்.