அந்தக் கால அறிவியல் புனைகதை ரசிகர்களின் தனி பாஷை எங்கிருந்து வந்தது?

1930, 40-களில் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு தனி பாஷையே வைத்திருந்தார்களாமே, அது எப்படி உருவானது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அது தபாலிலும் டைப்ரைட்டரிலும் பிறந்த பாஷை. பேசிப் பழகியதைவிட எழுதிப் பழகியதுதான் அதிகம்.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையைத் தொடங்கினார். கொஞ்ச நாளில் வாசகர் கடிதப் பகுதியும் வந்தது. அதில் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார்கள். (இன்றைக்கு யாராவது அப்படிப் போட்டால் சும்மா விடுவார்களா?) ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த பையன்கள் அந்த முகவரிகளைப் பார்த்து நேரடியாகவே கடிதம் போட ஆரம்பித்தார்கள். 1930-இல் சிகாகோ பக்கம் 'தி காமெட்' என்ற இதழையும் சொந்தமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ரசிகர் இதழ்களில் அதுதான் முதல் என்று சொல்வது வழக்கம்.

கெர்ன்ஸ்பேக் இந்த வகை எழுத்துக்கு வைத்த பெயர் 'சயின்டிஃபிக்‌ஷன்'. ஒவ்வொரு கடிதத்திலும் அதை முழுசாகத் தட்ட யாருக்குப் பொறுமை? எஸ், டி, எஃப் என்று மூன்றே எழுத்தாகச் சுருக்கினார்கள். பிறகு அந்தச் சுருக்கத்தையே ஒரு சொல்லாகப் பாவித்து 'ஸ்டெஃப்' என்று உச்சரித்தார்கள். இந்தப் பாஷையில் பாதி இப்படி வந்ததுதான். 1939-இல் மார்ட்டின் ஆல்ஜர் என்ற ரசிகர், பத்திரிகை அட்டைகளில் துருத்திய கண்ணுடைய பூச்சி ஜந்துக்களைப் போடுவதைத் தடுக்க ஒரு சங்கம் என்று விளையாட்டாக அறிவித்தார். சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் ஒரு வரி நீளம். அதிலிருந்து பிழைத்து நின்றது பி, இ, எம் என்ற மூன்றெழுத்து, அதாவது 'பெம்' மட்டும். 'பக்-ஐட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம், துருத்திய கண்ணுடைய அந்த ஜந்துதான்.

ரசிகர் இதழ்களைப் பிரதி எடுத்தது பெரும்பாலும் ஸ்டென்சில் வைத்து உருட்டும் மெஷினில்தான். அந்த சைக்ளோஸ்டைலைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது சுலபமாகப் புரியும். டைப்ரைட்டரில் ரிப்பன் படாதபடி வைத்துவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்ட வேண்டும். எழுத்து விழுந்த இடம் வெட்டுப்படும், அதன் வழியாக மை இறங்கும். ஒரு எழுத்து தப்பாக விழுந்தால், சின்னப் புட்டியிலிருந்து நகப்பாலிஷ் மாதிரி ஒரு திரவத்தைத் தொட்டுத் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் திரும்ப அடிக்க வேண்டும். 'கரெக்‌ஷன் ஃப்ளூயிட்' என்ற அந்தச் சரக்குக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'கார்ஃப்ளூ'. 1984-இல் தொடங்கிய ஒரு ரசிகர் மாநாட்டுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள்.

ஒவ்வொரு பிழைக்கும் இவ்வளவு பாடு என்றால் யார் திருத்துவார்கள்? பல பிழைகள் அப்படியே அச்சேறின. சிலது வேடிக்கையாக இருந்ததால் ஒட்டிக்கொண்டன. 1950-களின் தொடக்கத்தில் லீ ஜேக்கப்ஸ் என்பவர், நாட்டுப்புற இசையில் அறிவியல் புனைகதையின் தாக்கம் பற்றி ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். தலைப்பில் 'ஃபோக்' என்பது 'ஃபில்க்' ஆகிவிட்டது. கட்டுரை கொஞ்சம் பச்சையாக இருந்ததால், தபாலில் அனுப்பினால் சட்டச் சிக்கல் வரும் என்று பயந்து இதழாசிரியர் அதைப் போடவே இல்லை. தலைப்பிலிருந்த பிழை மட்டும் தப்பித்து ஊர் சுற்றியது. ரசிகர்கள் மாநாடுகளில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடும் பாட்டுக்கு இன்றைக்கும் 'ஃபில்க்' என்றுதான் பெயர்.

எனக்குப் பிடித்தது 'ஃபேன்சீன்' கதை. அதுவரை 'ஃபேன்மேக்' என்று சொல்லிக்கொண்டிருந்த ரசிகர் இதழுக்கு, 1940 அக்டோபரில் லூயி ரஸ்ஸல் ஷோவனே தன்னுடைய 'டீட்டூர்ஸ்' இதழில் இந்தப் பெயரை முன்மொழிந்தார். அவர் சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். இன்றைக்கு உலகமே உச்சரிக்கிற ஒரு சொல்லை, காது கேளாத ஒருவர் தாளில் உண்டாக்கியிருக்கிறார். எழுத்திலேயே வாழ்ந்த ஒரு கூட்டத்தில் அது ஒரு குறையாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதழ் நடத்திக் காசு வந்ததில்லை, கைக்காசுதான் போனது. பதிலுக்குக் கிடைத்தது அச்சில் தன் பெயரைப் பார்க்கும் சந்தோஷம். அதற்கு 'எகோபூ' என்று பெயர், 'ஈகோ பூஸ்ட்' என்பதன் சுருக்கம். கூலி என்னவென்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்ட சொல். அதேபோல 'காஃபியா'. 'கெட்டிங் அவே ஃப்ரம் இட் ஆல்' என்பதன் முதலெழுத்துகள். முதலில் அதற்கு அன்றாட உலகத்தின் தொல்லையை விட்டு ரசிகர் வட்டத்துக்குள் ஓடி வருவது என்று பொருள். சில வருஷங்களில் அப்படியே தலைகீழாகி, ரசிகர் வட்டத்தின் தொல்லை தாங்காமல் வெளியே ஓடுவது என்று ஆகிவிட்டது! அந்த வட்டத்துச் சண்டைகளைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிலேயே ஆறு ரசிகர்களை வாசலில் நிறுத்தி உள்ளே விடவில்லை.

1944-க்குள் புதிதாக வருகிறவர்களுக்கு அகராதி தேவைப்படும் அளவுக்குச் சொற்கள் பெருகிவிட்டன. ஜாக் ஸ்பியர் என்பவர் 'ஃபேன்சைக்ளோபீடியா' என்று ஒன்றைத் தொகுத்தார். அதையும் ஸ்டென்சில் வெட்டி, மிமியோகிராஃபில் (நம் சைக்ளோஸ்டைல் மெஷின் மாதிரிதான்) உருட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக ஒரு உபரித் தகவல். நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'சை-ஃபை' 1954 வாக்கில் ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் பரப்பியது, 'ஹை-ஃபை' மாதிரி இருக்கட்டும் என்று. அவர் ரசிகர்களுக்குள் பெரும்புள்ளி. ஆனாலும் பழைய ரசிகர்கள் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பழைய மாநாட்டு ஆள் யாரையாவது சந்தித்தால், அவர் முன்னால் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.